ஈயத்துக்கு அடியில் ஐந்து கரண்டிகள்

குற்றாலத்தை விட்டு நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. லாட்ஜ் மேனேஜர் பின்னாலிருந்து கத்துவது இன்னும் காதில் நின்றது. நான்கு நாளாக அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. குளிக்க முடியாத ஊரில் யாரும் அறை எடுப்பதில்லை. அறை போகாவிட்டால் படுக்கை விரிப்பு அழுக்காவதில்லை, விரிப்பு துவைக்கிறவனும் தேவையில்லை. அதை அவர் சொன்ன விதம் வேறு.

"வேல இல்லாத நாள்ல உக்கார வச்சுச் சோறு போட இது என்ன மடமா? தடைய எடுத்தா வா. வரலைன்னாலும் இங்க ஒருத்தனும் அழப்போறதில்ல."

நான் அவருடைய வாளியை எட்டி உதைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிளாஸ்டிக் வாளி. விரிசல்கூட விடவில்லை.

சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. கையில் குடை இருந்தது. அறையில் யாரோ விட்டுவிட்டுப் போன குடை, நீளக் காம்பு, மரப் பிடி, என்னிடம் இருந்ததிலேயே நல்ல பொருள் அதுதான். தென்காசிப் பேருந்து ஒவ்வொன்றும் என்னைக் கடக்கும்போது சாலைத் தண்ணீரை வேட்டியில் அடித்துவிட்டுப் போனது. ஏறியிருக்கலாம். ஆனால் தென்காசியில் இறங்கினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒரு கடை வாசலில் நின்று, "வேல ஏதும் இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். செங்கல் சூளை, ரப்பர் தோட்டம், மீன் லாரி, கல்யாண மண்டபம், லாட்ஜ். கேட்டவுடன் எதிரில் இருப்பவன் முகத்தில் ஒன்று வரும். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை, பிறகு வாய் ஒரு பக்கமாக இழுபடும். பசியைக்கூடச் சமாளித்துவிடலாம், அந்த வாயைப் பார்ப்பதுதான் முடியாது. இந்த மழைக்காலம் முடியும்வரையாவது அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அன்றைக்கு எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மேலகரம் நெருங்கும்போது மழை வலுத்தது. சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பழைய இரும்புக் கடை. ஒதுங்கினேன். மழை இல்லாவிட்டாலும் ஒதுங்கியிருப்பேன். நான் புதிதாக வாங்கிய பொருள் என்று எதுவும் கிடையாது. செருப்பு, சட்டை, பை, எல்லாம் ஒருவன் பயன்படுத்தி விட்டது. எந்த ஊருக்குப் போனாலும் பழைய சாமான் கடைக்குள் ஒருமுறை புகுந்து பார்ப்பது பழக்கம்.

கடைக்காரி பழைய அம்பாசிடர் கார் சீட் ஒன்றைத் தரையில் போட்டு அதில் உட்கார்ந்து, மின் வயரைக் கத்தியால் கீறிச் செம்பை உருவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்ததுதான்.

"மழைக்கு ஒதுங்குதாப்ல இருந்தா அந்தத் தகரத்துக்கு வெளிய நில்லும். உள்ள வந்தா சாமான் வாங்கணும்."

"வாங்கத்தான் வந்தேன்க்கா."

"வாங்குத மூஞ்சியா இது?"

உள்ளே போனேன். குற்றாலத்தில் ஏதோ ஒரு பழைய பங்களாவை இடித்த சாமான் வந்து இறங்கியிருந்தது. சன்னல் கம்பிகள், எனாமல் போன குளியல் தொட்டி, பித்தளைக் கொண்டிகள். ஒரு சாக்கில் சமையலறைச் சாமான்கள். அந்தச் சாக்கின் வாயைப் பிரித்து உட்கார்ந்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டிகள், அலுமினிய மூடிகள், முள் கரண்டிகள், வளைந்த சாப்பாட்டுக் கத்திகள். அடியில் கம்பியால் கட்டிய ஐந்து பெரிய ஸ்பூன்கள்.

ஈயம் பூசிய ஸ்பூன்கள். பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவார்களே, அதே வெள்ளை ஈயம், பஞ்சால் துடைத்த கோடுகள்கூடத் தெரிந்தன. முதலில் தூக்கிப் போட்டுவிட்டேன். பித்தளை ஸ்பூனுக்கு யாரோ ஈயம் பூசியிருக்கிறான், அவ்வளவுதான். பிறகு கை மறுபடியும் போய் எடுத்தது. ஒன்று, கனம். கை எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தது. இன்னொன்று, ஓரம். ஸ்பூனின் நுனி பல வருடம் தட்டில் உரசி உரசி ஈயம் தேய்ந்திருந்தது. அடியில் பித்தளையாக இருந்தால் அந்த இடம் மஞ்சளாகத் தெரிய வேண்டும். செம்பாக இருந்தால் சிவப்பு. இங்கே வெள்ளைக்கு அடியிலும் வெள்ளை. மேலே இருந்தது சுண்ணாம்பு மாதிரிச் செத்த வெள்ளை, அடியில் தெரிந்தது பால் மாதிரிக் கொஞ்சம் சூடான வெள்ளை.

காம்பின் பின்பக்கத்தை நகத்தால் தடவினேன். வரிசையாகச் சின்னப் பள்ளங்கள், ஈயம் நிரம்பி மேடுதட்டிப் போயிருந்தன. ஐந்து பள்ளம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். கொச்சியில் பழம்பொருள் விற்கும் ஒரு கிடங்கில் எட்டு மாதம் இருந்தேன். வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. முதலாளி வெள்ளைக்காரர்களுக்கு ஸ்பூனைத் திருப்பிக் காட்டி லென்ஸ் வைத்துச் சொல்லும்போது நான் தூசி தட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நடக்கிற சிங்கம், ஒரு முன்கால் தூக்கியிருக்கும், அது இருந்தால் இங்கிலாந்து வெள்ளி. பக்கத்தில் ஓர் எழுத்து, அது செய்த வருடத்துக்கு. ஒரு தலை, அது வரி கட்டினதற்கு. சோதித்த ஊருக்கு ஒரு சின்னம். செய்தவனுடைய முதலெழுத்துகள் தனியாக. ஈ, பி, என், எஸ் என்று நான்கு எழுத்து தனித்தனிக் கட்டத்தில் பளபளவென்று இருந்தால் நம்பக்கூடாது, அது உள்ளே வேறு உலோகம், மேலே வெள்ளி முலாம். விலை எடைக்கு இல்லை, முத்திரைக்கு. முத்திரை தெளிவாக இருந்தால் முழு விலை. முத்திரை போனால் உருக்குகிற வெள்ளி.

ஐந்தும் ஒரே செட். முத்திரை தெளிவாக வந்துவிட்டால் கொச்சியில் அதே தெருவில் வாங்குகிறவன் இருக்கிறான். ஒரு மழைக்காலம் என்ன, அடுத்த கோடைவரைக்கும் நான் எவன் வாசலிலும் நிற்க வேண்டாம்.

"அத எதுக்கு மோந்து பாக்கீரு?" என்றாள் கடைக்காரி.

"டீக்கடை போடப்போறேன்க்கா. ஸ்பூன் வேணும்."

"டீக்கடைக்கு இம்மாம் பெரிய ஸ்பூனா? டீய அள்ளித் திங்கப் போறாங்களா?"

எழுந்து வந்துவிட்டாள். இனி அந்த ஐந்தை மட்டும் கையில் வைத்திருந்தால் காரியம் கெட்டுப்போகும். சாக்கிலிருந்து கண்ணில் பட்ட ஸ்பூன்களையெல்லாம் அள்ளி ஒன்றாகப் போட்டேன். அதில் மூன்று முலாம் பூசியவை, கண்ணாடி மாதிரி மின்னின. பின்னால் நான்கு எழுத்தும் கட்டம் கட்டி இருந்தது. அவள் அந்த மூன்றையும் தனியாக எடுத்தாள், திருப்பினாள்.

"இதுல முத்திர அடிச்சிருக்கு. இது வெள்ளி."

"வெள்ளியாவது! ஜெர்மன் சில்வர்க்கா அது."

"அப்ப உமக்கு எதுக்கு வேர்க்குது?"

உண்மையிலேயே வேர்த்திருந்தது. நான் அந்த மூன்று ஸ்பூனுக்காகச் சண்டை போட ஆரம்பித்தேன். எல்லாம் சேர்த்துத்தான் வேண்டும், மின்னுகிற மூன்றும் இல்லாமல் மற்றது எனக்கு எதற்கு, நாய்கூட நக்காது என்று கத்தினேன். அவள் முகத்தில் சந்தோஷம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கத்தினேன்.

"என்ன ஏமாத்தலாம்னு பாத்தீரோ? இந்த மூணும் கெடையாது. வேணும்னா அந்த ஈயம் பூசினதையும் மத்ததையும் அள்ளிட்டுப் போம்."

"அதுக்கு என்ன தரணும்?"

அவள் என் குடையைப் பார்த்தாள். மரப் பிடியைத் தடவினாள். "இத வச்சிட்டுப் போம்."

கொடுத்தேன். ஸ்டீல் ஸ்பூன்களை அடுத்த வளைவில் ஓடையில் எறிந்துவிட்டு, ஐந்தையும் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, நனைந்துகொண்டே தென்காசிக்கு நடந்தேன். அவளை நினைத்துச் சிரித்துக்கொண்டே போனேன். அவள் என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பாள்.

தென்காசியில் கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளி வேலை செய்கிறவரின் கடை இருந்தது. கொலுசுக் கண்ணியைப் பற்ற வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். ஈயத்தை எடுக்க வேண்டும், முத்திரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஒரு ஸ்பூனை மட்டும் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். ஈர வேட்டி, பை, மூன்று நாள் தாடி.

"எந்த வீட்டுல அடிச்சது?"

"வெலைக்கு வாங்கினது அண்ணாச்சி."

"பில்லு?"

"பழைய இரும்புக் கடையில பில்லு தருவாங்களா?"

"ஏலே, இங்க வாரவன் எல்லாம் ரோட்டுல கெடந்துச்சும்பான், செத்துப்போன ஆச்சி குடுத்தாங்கம்பான். நீ இரும்புக் கடைங்க. கதையாவது புதுசா இருக்கு." ஸ்பூனின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவருக்கும் அந்த வெள்ளை தெரிந்துவிட்டது. குரல் கொஞ்சம் இறங்கியது. "எத்தன இருக்கு?"

"இது ஒண்ணுதான்."

"பொய் சொல்லுத. சரி. இத வச்சிட்டுப் போ. ஈயத்த அமிலத்துல போட்டுத்தான் எடுக்கணும், கொஞ்சம் கொஞ்சமா. நாளைக்குச் சாயங்காலம் வா. தீயில கீயில காட்டிராத, ஸ்பூனு போயிரும்."

வச்சிட்டுப் போ. கொச்சியில் ஓர் அம்மாள் வீட்டுச் செலவுக்கு விற்க ஒரு பழைய வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். முதலாளி இதையேதான் சொன்னார். மறுநாள் அவளுக்குத் திரும்பிக் கிடைத்தது வேறு கிண்ணம். அவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நான் வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தேன். எனவே இவர் சொன்னதில் எனக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் கேட்டது. தீயில் காட்டாதே என்பது, என்னிடமே விட்டுவிட்டுப் போ என்பதற்கு ஒரு பூட்டு.

ஸ்பூனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"திருட்டுப் பயலுக்கு ரோசத்தப் பாரு!" என்றார். "போலீஸக் கூப்பிடவா?"

"கூப்பிடும். நானும் சொல்லுதேன், வச்சிட்டுப் போங்கிறவங்க கதைய."

கொலுசுகளை ஒரு கையால் மறைத்துக்கொண்டே எழுந்தார். நான் தெருவில் இறங்கிவிட்டேன்.

இரண்டு தெரு தள்ளி, கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் ஒரு கடை. அதன் பக்கத்துக் காலி இடத்தில், ஒரு தகரக் கூரைக்கு அடியில், ஈயம் பூசுகிற பாய் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். தரையில் குழி தோண்டிக் கரி அடுப்பு, கையால் சுற்றும் காற்றாடி, சுற்றிலும் ஆள் உட்காரக்கூடிய செம்பு அண்டாக்கள். இப்போதெல்லாம் வீட்டில் யார் ஈயம் பூசுகிறார்கள்? பிரியாணி அண்டாவுக்குத்தான் இன்னும் தேவை. அண்டாவைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக் கட்டியைத் தொட்டு, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார். கறுத்துக் கிடந்த செம்புக்குள் நிலா மாதிரி வெள்ளை பரவியது.

"என்ன பாக்க?" என்றார்.

"சும்மாதான் பாய்."

"சும்மா பாக்க இது பொருட்காட்சியா? வெளிச்சத்த மறைக்காம அங்கன தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன். பார்த்துக்கொண்டிருந்தேன். ஈயம் சூட்டில் தண்ணீராகிறது. பஞ்சு அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. பூசுவதற்கு இது என்றால் உரிப்பதற்கும் இதுதான் என்று என் ஏழாம் வகுப்புப் புத்தி முடிவு செய்தது. காய்ச்ச வேண்டும், துடைக்க வேண்டும். அதற்கு எதற்கு அமிலம், எதற்கு நாளைக்குச் சாயங்காலம்?

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பாய் கை கால் கழுவி, ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அடுப்பில் சாம்பலை இழுத்து மூடினார். வாடகைக் கடைக்காரரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரோடு நடந்தார். போகும்போது பாய் திரும்பி, "எதையாவது தொட்ட, கைய முறிச்சிருவேன்" என்றார். என்னைத்தான் சொன்னார். அங்கே வேறு யாரும் இல்லை.

அவர்கள் தெரு முனையில் திரும்பியதும் சாம்பலை விலக்கினேன்.

முதல் ஸ்பூனைப் பொறுமையாகத்தான் செய்தேன். இடுக்கியால் ஸ்பூனின் கிண்ணம் போலக் குழிந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காம்பை மட்டும் கரிக்கு மேலே காட்டினேன். காற்றாடியை மெதுவாக, நாலு சுற்று. ஈயம் ஈரமானது போல மின்னியது. பஞ்சை எடுத்து ஒரே இழுப்பு. சொன்னால் நம்பமாட்டீர்கள், தோலை உரித்தது போல வந்தது. இன்னொரு இழுப்பு. பள்ளத்தில் இருந்த ஈயமும் பஞ்சோடு போய்விட்டது.

சிங்கம் நின்றது. கடுகு அளவுதான், ஆனால் முன்கால் தூக்கியிருந்தது, வால் முதுகுக்கு மேலே சுருண்டிருந்தது. பக்கத்தில் ஓர் எழுத்து. அடுத்து ஓர் ஆளின் தலை, பக்கவாட்டில். பிறகு ஊர்ச் சின்னம். செய்தவனுடைய இரண்டு எழுத்து. தேய்மானமே இல்லை. அந்தப் பங்களாவில் எவனோ ஈயத்தைப் பூசி இத்தனை வருடம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறான் என்று தோன்றியது. செங்கோட்டை வழியாகப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். கொச்சியில் எந்தத் தெருவில் அறை எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். லாட்ஜ் மேனேஜரிடம் திரும்பிப் போய், ஓர் அறை எடுத்து, விரிப்பு அழுக்காக இருக்கிறது என்று சத்தம் போட வேண்டும் என்ற எண்ணமும் வந்தது.

அப்போது தெரு முனையில் மோட்டார் சைக்கிள்கள் கிளம்பும் சத்தம். ஒன்று, இரண்டு, பிறகு கூட்டமாக. தொழுகை முடிந்துவிட்டது.

இன்னும் நான்கு ஸ்பூன் முழுதாக இருக்கிறது. முதல் ஸ்பூனின் கிண்ணத்திலும் ஈயம் இருக்கிறது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். வேறு எங்காவது, வேறு ஒரு நாள், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருக்கலாம். ஐந்தையும் ஒன்றாகக் கரிக்குள் செருகிக் காற்றாடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன்.

கரி வெள்ளையாக எரிந்தது. ஈயம் மின்னியது, ஓடியது. நான் பஞ்சை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் அந்த மினுக்கம் காணாமல் போயிருந்தது. வழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சாம்பலில் ஈயத் துளி எதையும் காணோம். ஸ்பூன்கள் சாம்பல் நிறத்தில், அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி, குழி குழியாக மாறின. இடுக்கியால் ஒன்றைப் பிடித்துத் தூக்கினேன். காம்பு மட்டும் வந்தது. கிண்ணம் கரியிலேயே இருந்தது. இரண்டாவது ஸ்பூன், இடுக்கி பட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. முதல் ஸ்பூனைத் தேடி எடுத்தேன். சிங்கம் நின்ற இடத்தில் ஒரு குழி. மற்ற இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு கட்டியாக இருந்தன.

"எவம்லே அது என் அடுப்புல?"

பாய் ஓடிவந்து இடுக்கியைப் பிடுங்கினார். அடிக்கத்தான் ஓங்கினார். பிறகு அதன் நுனியில் இருந்த துண்டைப் பார்த்துக் கையை இறக்கினார். ஊதிப் பார்த்தார், தரையில் தட்டிப் பார்த்தார். அது ஓடு மாதிரிச் சத்தம் போட்டது.

"இது வெள்ளில்லா?"

நான் கரிக்குள் கிடந்த கட்டியைப் பார்த்தேன்.

"ஈயத்தோட சேத்துப் பழுக்கக் காய்ச்சினியா? என்னலே நெனச்ச?"

"வழிஞ்சிரும்னு பாத்தேன்."

"செம்புல வழியும். வெள்ளி ஈயத்தக் குடிச்சிரும்லே! குடிச்சிட்டா அது வெள்ளியும் இல்ல, ஈயமும் இல்ல. கூறுகெட்ட பயலே, யார்ட்டயாவது ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்டிருந்தேன். பதிலையும் வாங்கியிருந்தேன்.

அவர் உடையாத ஒரு காம்பை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "இது பங்களா ஸ்பூனு. நாந்தான் பூசினேன்."

"நீரா?"

"தென்காசியில வேற எவன் பூசுதான்? சமையக்காரன் ஒருத்தன் பித்தள சட்டிகளோட இதையும் சாக்குல போட்டுக் கொண்டாந்தான். இது வெள்ளிடா, புளியப் போட்டு வெளக்குன்னேன். கருத்துப் போச்சு, மொதலாளியம்மா எல்லாத்தையும் வெள்ளையாக்கிட்டு வரச் சொல்லிருக்கு, பூசும்னான். பூசினேன்."

எனக்கு அடக்க முடியவில்லை. "வெள்ளின்னு தெரிஞ்சும் அதுமேல ஈயத்தப் பூசினீரே, உமக்குக் கூறு இருக்கா?"

"கொண்டு வாரவன் சொல்லுதத நான் செய்வேன். மேல பூசினேன், உள்ள முழுசா இருந்துச்சா இல்லியா? இத்தன வருசம் இருந்துச்சா இல்லியா? அர மணி நேரத்துல அழிச்சது யாரு, நானா?" துண்டுகளைக் காலால் என் பக்கம் தள்ளினார். "பொறுக்கிட்டுப் போ. என் பஞ்சையும் கரியையும் தின்னது போதும்."

பொறுக்கினேன். சூடு ஆறுவதற்கு முன்னால் பொறுக்கியதில் இரண்டு விரல் வெந்தது.

அன்று பிற்பகல் மறுபடியும் வெள்ளிக் கடைக்குப் போனேன். உருக்குகிற வெள்ளி விலையாவது வரும் என்று ஒரு நினைப்பு. அவர் துண்டுகளைத் தொடக்கூட இல்லை. குனிந்து பார்த்தார். நான் எதிர்பார்த்ததை, நான் அப்பவே சொன்னேனே என்பதை, அவர் சொல்லவில்லை. அதைவிட மோசமாக ஒன்றைச் சொன்னார்.

"அஞ்சு இருந்திருக்கு."

"ஆமா."

"வெளிய எடு. ஈயம் ஏறின வெள்ளி என் பட்டறைக்குள்ள வரக்கூடாது. ஒரு துண்டு தப்பித்தவறி வெள்ளி உருக்குத மூசையில விழுந்தா ஊர்ப் பிள்ளைங்க கொலுசெல்லாம் ஒடஞ்சு போவும். எடு, எடு."

"நீங்க மாத்திருவீங்கன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"நெனச்சிருப்ப." மறுபடியும் கொலுசைப் பற்ற வைக்க உட்கார்ந்துவிட்டார். "நானும்தான் உன்னத் திருடன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன். போ."

துண்டுகளைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சாக்கடையில் போட்டேன். அங்கேயே ஒரு பெஞ்சில் அன்றைய இரவு கழிந்தது. விடியும்போது வெந்த விரல்கள் கொப்புளமாகியிருந்தன. பசித்தது. தென்காசியில் எத்தனை கடைகள், எத்தனை வாசல்கள். எல்லா இடத்திலும் அந்தப் பார்வையை முதலிலிருந்து வாங்க வேண்டும். ஏற்கெனவே என்னைப் பார்த்து, முழுதாகத் திட்டியும் முடித்துவிட்ட ஆள் ஒருவர் இருந்தார், ஈயம் பூசுகிற பாய். அங்கேயே போனேன்.

பாய் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இன்னிக்கு என்னத்த உருக்கப் போற?" என்றார்.

"வேல ஏதும் இருக்கா பாய்?"

இப்போது நிமிர்ந்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடுப்புப் பக்கம் வந்தா கால முறிச்சிருவேன்."

"வரல."

"தேய்க்கிறவன் புனலூருக்கு ஓடிட்டான். நாளைக்குக் கல்யாணம், ஆறு அண்டா நிக்கி. காலு நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"காட்டு."

செருப்பைக் கழற்றி, மாடு வாங்குகிறவன் குளம்பைப் பார்ப்பது போல அவர் பார்க்கும்படி, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினேன். வெடிப்பு இருந்தது, புண் இல்லை. போதும் என்று கையை ஆட்டினார். பெரிய செம்பு அண்டா ஒன்றுக்குள் இரண்டு கை மணலையும் ஓர் ஈரச் சாக்கையும் போட்டு, விளிம்பைத் தட்டினார்.

"ஏறு உள்ள."

வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினேன். இடுப்பளவு வந்தது. சாக்கின் மேல் இரண்டு காலையும் வைத்து, விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு, இடமும் வலமுமாக உடம்பைத் திருக வேண்டும். மணல் செம்பில் அறுத்துக்கொண்டு சத்தம் போட்டது. கொப்புளம் விளிம்பில் பட்டதும் உடைந்தது. பழைய ஈயமும் கறுப்பும் சேர்ந்து சாம்பல் நிறச் சேறாகக் கணுக்காலில் ஏறியது.

"ஆடாத, அழுத்து" என்றார் பாய். "செவப்பு தெரியணும்."

அழுத்தினேன்.